நுளம்பும் பல்லும் மிஞ்சிய பாடம்

உலக யுத்தம் முடிந்தும் கூப்பன் வரிசை முடிந்தபாடில்லை. வெள்ளவத்தைக் கூப்பன் கடை வாசலில் அரிசிப் பையோடு நின்றபோதுதான் எனக்குச் செய்தி வந்தது. முன்னால் நின்ற, எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் பெண் திரும்பிப் பார்த்து, "ரீச்சர், உங்களோடை கொட்டாஞ்சேனையிலை படிப்பிச்ச ஞானம் ரீச்சர் விடியப்புறம் மோசம் போயிட்டாவாம், தெரியுமோ?" என்றாள். "ஆர் உனக்குச் சொன்னது? போன கிழமையும் நான் போய்க் கதைச்சுப்போட்டு வந்தனான்" என்று அவளோடு சண்டைக்குப் போனேன். செய்தி கொண்டுவந்தவளோடு சண்டை பிடித்து என்ன பயன்? வெறும் பையோடு பாமன்கடையில் இருந்த ஞானம் ரீச்சர் வீட்டுக்கு நடந்தேன்.

ஞானம்மா ரீச்சரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் பெண்கள் பாடசாலையில் அவர் சுகாதாரம் படிப்பித்தார், நான் தையல் படிப்பித்தேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதனால் எனக்கு ஞானம் அக்கா. இரங்கல் கூட்டத்தில் யாராவது எழுந்து 'அன்பும் அடக்கமும் உருவான ஆசிரியை' என்று சொல்லத்தான் போகிறார்கள். அடக்கமாவது மண்ணாவது! அந்த மனுசியை ஊரும் பத்திரிகையும் பாடசாலையும் சட்டமும் சேர்ந்து அடக்கின. அதை யாராவது எழுதிவைக்க வேண்டாமா?

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, "நான் சாகப்போறன், நான் சாகப்போறன்" என்று அலறிய நாளை அங்கே படித்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தலைமையாசிரியை தாயைக் கூப்பிட ஆளனுப்பினார். நாங்கள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். ஞானம் அக்கா மட்டும் வெளுத்துக் கட்டியிருந்த சேலையோடு அந்த ஈரத்தரையில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். கதவோடு வாயை வைத்து, "பிள்ளை, நீ சாகேல்லை. இது எனக்கும் வந்தது. உன்ரை அம்மாவுக்கும் வந்தது. பயப்படாமல் கதவைத் திற" என்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது: "அப்ப ஏன் ரீச்சர் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அன்று ஆசிரியைகள் அறையில் அவர் தேநீரைத் தொடவில்லை. "மலேரியாக் காய்ச்சல் கொண்டுவாற நுளம்பு எங்கை முட்டையிடும் எண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியும். நான்தான் படிப்பிச்சனான். தன்ரை உடம்பு மட்டும் அதுக்குத் தெரியாது. வெக்கப்படவேண்டியது பிள்ளையோ, நாங்களோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடத்துக்கு வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு அவரே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இலைமறை காயாகச் சொல்லும் பழக்கம் அவரிடம் இல்லை. "இது நோயுமில்லை, பாவமுமில்லை" என்பார். "உங்கடை உடம்பிலை கை வைக்க ஒருத்தருக்கும் உரிமையில்லை. சொந்தக்காரன் எண்டாலும் சத்தம் போடுங்கோ" என்பார். ஒரு பிள்ளையாவது சிரித்ததாக நான் அறியேன். அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருந்த என் வகுப்பும் ஊசியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தது.

தவமணி அந்த வகுப்பில் இருந்தவள். சுருட்டுக்கடைச் சின்னத்துரையரின் இரண்டாவது மகள். மெலிந்த பிள்ளை, கண் மட்டும் பெரிது. தாதியாக வரவேண்டும் என்று எங்களிடம் வாய்விட்டுச் சொன்னவள். ஆனால் அந்த வீட்டில் பெண் பெரியபிள்ளையானால் அன்றோடு படிப்பு முடிந்தது. அக்காள்காரியை அப்படித்தான் மறித்து வைத்திருந்தார்கள். தவமணி யோசித்திருக்கிறாள். நோயில்லை, பாவமில்லை என்று ரீச்சர் சொல்கிறார். அப்படியானால் இதை ஏன் வீட்டில் சொல்லிப் படிப்பை இழக்கவேண்டும்? அவள் சொல்லவில்லை. தீட்டுத்துணியைத் தானே தோய்த்து, கட்டிலுக்குக் கீழே உலர்த்தி, ஒரு வருடத்துக்கு மேல் தாயின் கண்ணில் மண்ணைத் தூவினாள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஞானம் அக்காவுக்கும் தெரியாது.

சொந்த ஊரிலிருந்து வந்த பெரியதாய் கட்டிலுக்குக் கீழே எதையோ தேடப்போய்க் கண்டுபிடித்துவிட்டார். பிறகு அந்த வீடு வீடாக இருக்கவில்லை. முதல் தீட்டு வந்த நேரத்தைக் குறித்துச் சாத்திரியிடம் கொடுத்து ருது சாதகம் எழுதுவிப்பது நம்மவர் வழக்கம். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்பது அதைத்தான். தவமணிக்கு நேரமும் இல்லை, சாதகமும் இல்லை, சாமத்தியச் சடங்கும் இல்லை. போதாததற்குத் தீட்டுத் துடக்கோடு சாமியறையில் விளக்கேற்றியிருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள். தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். பெரியதாய் அழவில்லை. "இதை மறைச்சவள் வேறை என்னத்தை மறைச்சிருப்பாள்?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். அது வீட்டிலிருந்து ஒழுங்கைக்கும் ஒழுங்கையிலிருந்து கோயில் வீதிக்கும் போய்விட்டது.

சின்னத்துரையர் பாடசாலைக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சால்வையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "ரீச்சர், உங்களை நம்பித்தானே பிள்ளையை அனுப்பினனான். நீங்கள் படிப்பிச்சுத்தான் என்ரை பிள்ளை கள்ளம் பழகினது" என்றார். அந்த மனிதரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அவரும் கலங்கிப்போய்த்தான் நின்றார்.

ஆனால் அந்தப் பத்திரிகைக்காரனை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. பெயர் சொல்லி அவனைப் பெரிய ஆளாக்கப்போவதில்லை. 'பெண்கள் பாடசாலையில் ஆபாசப் பாடம்' என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டான். அதே இதழின் நடுப்பக்கத்தில் எவனோடோ ஓடிப்போனவளின் கதை தொடராக வந்தது. பின்பக்கம் முழுவதும் தாது விருத்தி லேகிய விளம்பரம், பக்கத்தில் பேசும்படக்காரியின் படம். என் வகுப்பில் துணிக்கு அடியில் ஒளித்துவைத்துப் பிள்ளைகள் வாசித்ததும் அதே பத்திரிகைதான். எத்தனை தடவை பறித்திருக்கிறேன்! ஆணும் பெண்ணும் என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு அவன் சொல்லிக்கொடுக்கலாம். ஞானம் அக்கா சொன்னால் மட்டும் ஆபாசம். நல்ல நியாயம்!

பாடசாலை மனேச்சர் அவரைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமைப் பாடத்தை நிறுத்தினார். சுகாதாரப் புத்தகத்தில் பல், நகம், நுளம்பு, குடிதண்ணீர், இவ்வளவோடு நிற்கவேண்டும் என்று கட்டளை. திரும்பிவந்த ஞானம் அக்கா, "நல்லது. நுளம்புக்கு மானமும் இல்லை, அப்பனும் இல்லை. அதைப் பற்றி எவ்வளவும் கதைக்கலாம்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அதற்குள் தவமணிக்குக் கலியாணம் ஒப்பேறிவிட்டது. பெண்சாதியை இழந்த ஒருவர், முப்பது தாண்டியவர், ஊரில் கடை வைத்திருந்தார். ருது சாதகம் கேட்கமாட்டார் என்பதுதான் அவருடைய பெரிய தகுதி. பிள்ளைக்கு வயது பதின்மூன்று. ஞானம் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விவாகப் பதிவாளர் வீட்டுக்குப் போனார். வயதான மனிதர், எங்களை இருக்கச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். "தங்கச்சி, தகப்பன் சம்மதிச்சிட்டார். பிள்ளைக்குப் பன்னிரண்டு முடிஞ்சிட்டுது. சட்டம் அவ்வளவுதான் கேக்குது. பறங்கிப் பிள்ளை, வெள்ளைக்காரப் பிள்ளை எண்டால் பதினாலு. நான் என்ன செய்ய?" என்றார்.

"அப்ப எங்கடை பிள்ளையளுக்குத்தான் எலும்பு வேளைக்கு முத்துதோ ஐயா?" என்று கேட்டார் ஞானம் அக்கா.

"நான் எழுதின சட்டமில்லை, பிள்ளை" என்றார் அவர். உண்மைதான். அவர் எழுதவில்லை. கடல் கடந்து வந்தவன் எழுதினான், நம்மவர்கள் சரி என்று தலையாட்டினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கலியாணம் என்றால் அந்த அந்தரங்கம் சட்டத்துக்கு ஆபாசமில்லை. அது என்னவென்று அவளுக்கு முன்கூட்டிச் சொல்வதுதான் ஆபாசம். திரும்பிவரும்போது ட்ராமில் ஞானம் அக்கா யன்னலோரம் இருந்து அழுதார். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று நானும் அழுதேன்.

தவமணி தலைப்பிள்ளைப் பேற்றோடு ஊரில் இறந்துபோனாள். பிள்ளையும் தங்கவில்லை. சின்னத்துரையரின் கடை பூட்டிக்கிடந்ததைக் கண்டு விசாரித்துத்தான் எங்களுக்கே தெரியும். அடுத்த நாள் ஞானம் அக்கா பாடசாலைக்கு வந்தார், நுளம்பைப் பற்றிப் படிப்பித்தார். பிறகு ஓய்வுபெறும் வரைக்கும் அதைத்தான் படிப்பித்தார். பாடம் நன்றாகத்தான் இருந்தது. பரிசோதகர்கள் வந்து மெச்சிவிட்டுப் போனார்கள்.

போன கிழமை நான் போனபோது அவர் படுக்கையில் இருந்தார். மூச்சு வாங்கியது. வேறு எதையோ கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "நான் சொல்லாமல் விட்டிருந்தால், தவமணி வீட்டிலை சொல்லியிருக்கும். படிப்புத்தானே போயிருக்கும். உயிரோடை இருந்திருக்குமோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா, அதின்ரை விதி" என்றேன்.

"பொய் சொல்லாதையும்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

செத்தவீட்டில் ஆண்கள் பிரேதத்தைக் கனத்தைச் சுடலைக்குக் கொண்டுபோன பிறகு பெண்கள் நாங்கள் முற்றத்தில் இருந்தோம். ஒரு பழைய மாணவி என் பக்கத்தில் வந்து இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று மலகூடக் கதவுக்குள் இருந்து அழுதவளேதான். இன்று நல்ல நிலையில், ஹெவ்லொக் டவுனில் வீடும் வாசலுமாக இருக்கிறாள். "ரீச்சர் இல்லாட்டில் அண்டைக்கு நான் பயத்திலையே செத்திருப்பன்" என்றாள். பக்கத்தில் அவளுடைய மூத்த மகள் நின்றாள். பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்ற வயது.

"இவளுக்குச் சொல்லிவைச்சிட்டியோ?" என்று மெல்லக் கேட்டேன்.

அவள் பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தாள். "ஐயோ ரீச்சர், என்ன கேள்வி! அதுகளுக்கு அதெல்லாம் எப்பிடிச் சொல்லுறது? வரேக்கை தெரியவரும்தானே."

அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஞானம் அக்காவாக இருந்தால் அதைக் கையில் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார். நான் வாயைத் திறந்தேன். முற்றம் நிறையப் பெண்கள் இருந்தார்கள். தாய் என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். "எந்த வகுப்புப் படிக்கிறாய், பிள்ளை?" என்று கேட்டேன். "ஏழாம் வகுப்பு" என்றது. "கெட்டிக்காரி" என்றேன்.

ஞானம் அக்காவின் துணிச்சல் எனக்கு மிஞ்சவில்லை. அது அவரோடு கனத்தைக்குப் போய்விட்டது. என்னிடம் இருப்பது சுவரைப் பார்த்துத் திரும்புமுன் அவர் கேட்ட அந்தக் கேள்வி ஒன்றுதான். அதற்குப் பயந்துதான் அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.