குறைத்தால் உதறும் ஹேண்டில்

என் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் முன்பக்கம் உதறும். தேய்ந்த டயர்தான் காரணம் என்று முடிவுகட்டி, புது டயருக்காக மெயின்லேண்டிலிருந்து அந்தமானுக்கு வரும் கப்பலை எதிர்பார்த்திருந்தேன்.

அன்று மனைவி செல்வியோடு ரங்கத் பஜாரிலிருந்து கப்பல் நிற்கும் ஜெட்டிக்குப் போனேன். கடைசி இறக்கத்தில் வேகத்தைக் குறைத்ததும் ஹேண்டில் கையைப் பிய்த்துக்கொண்டு ஆடியது. வேகம் கூட்டினால் அடங்கியது. ஆனால் எதிரே ரோடு முடிந்து கடல்!

“பக்கத்து வயல்ல விடுங்க!” என்று செல்வி அலறினாள். விட்டேன். சேற்றில் புதைந்து நின்றோம்.

வயல்காரர் வங்காளி. “அரே பாய், க்யா கியா!” என்ன காரியம் செய்தாய் என்று இந்தியில் திட்டிக்கொண்டே வந்து தூக்கிவிட்டார். செல்வி முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்தாள். ஹேண்டிலுக்கு அடியில் ‘டக்’கென்றது.

“டயர் என்னங்க பண்ணும்? இங்கதானே ஆடுது!”

ஹேண்டிலைத் தாங்கும் பால் ரேஸ் என்ற குண்டு வளையம் தளர்ந்திருந்தது. அதை இறுக்கக் கப்பல் வேண்டியதில்லை, ஸ்பானர் போதும்.

இப்போது கிளம்புமுன் முன்சக்கரத்தை ஆட்டிக் காட்டுகிறேன். சத்தம் இல்லையென்று காதால் கேட்ட பிறகே செல்வி ஏறுகிறாள்.