ஒளித்து ஓட்டாத மங்கை அக்கா

அன்று காலை மங்கை அக்காவின் கார் வரவில்லை. கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே, வேலைக்குப் போகப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். தாமதமாக வரும் ஆள் இல்லை அவர். கைபேசி அடித்தது. அவருடைய அம்மா. "செல்வி, இவ எழுந்திரிக்க மாட்டேங்குறாம்மா" என்றார்.

மதியத்துக்குள் செய்தி பரவிவிட்டது. அழைத்தவர்களில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "கார்லயா?" என்பதுதான். இல்லை ஐயா, இல்லை. மூளையில் இரத்தக் கசிவு. தூக்கத்தில், தன் கட்டிலில் போனார். கார் அப்போது மூன்றாம் மாடி கார் நிறுத்துமிடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயதுப் பெண், கல்யாணம் செய்துகொள்ளாமல் டர்போ கார் ஓட்டினால், அவளைக் கார்தான் கொல்ல வேண்டும் என்று ஊருக்கு ஓர் ஆசை போலிருக்கிறது.

அதோடு விட்டார்களா? அக்கா புளோக்கின் கீழ்த்தளத்தில் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, துக்கம் கேட்க வந்த ஒரு பெரிய மனிதர் சத்தமாகவே சொன்னார்: "கார்ல சட்டத்துக்குப் புறம்பா ஏதோ பைப் போட்டிருந்துச்சாம்லா. அந்த உறுமல் சும்மா வருமா?" அக்காவின் அண்ணன் அதைக் கேட்டுத் தலை குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குழாயை வாங்கிய நாளில் கூட இருந்தவள் நான். அக்காவைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துவாஸில் ஒரே சரக்கு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். லைசென்ஸ் என்னிடமும் இருந்தாலும் அவர்தான் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வேன். போன வருடம் காருக்குள் புகை நாற்றம் வந்தது. டர்போவிலிருந்து புகையைக் கீழே இறக்கிக் கொண்டுபோகும் குழாயில், டவுன்பைப் என்பார்கள், விரிசல். மாற்றியே ஆக வேண்டும். காக்கி புக்கிட் பட்டறைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

பட்டறைக்கார சலீம் மூன்று குழாய்களை மேசைமேல் வைத்தான். ஒன்று, பழையதைப் போலவே ஒடுக்கமானது. இரண்டாவது, அகலமானது, நடுவில் புகையைச் சுத்தம் செய்யும் வடிகட்டி, கூடவே போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் தாள். மூன்றாவதும் அகலம்தான், ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை.

"இதுதான் அக்கா மாஸ். பவர் அள்ளும். இன்ஸ்பெக்‌ஷன் வந்தா மட்டும் வேற பைப் மாட்டிக்கலாம், அப்புறம் திரும்ப இதைப் போட்டுக்கலாம் லா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அக்கா அதைக் கையில் எடுத்து, கண்ணில் வைத்து, அதன் வழியாக என்னைப் பார்த்தார். "உன் மூஞ்சி அப்படியே தெரியுது செல்வி. புகையும் இப்படித்தான் நேரா வெளிய வரும். வேகம் எனக்கு, புகை பின்னாடி பைக்ல வர்றவனுக்கா?"

"பயமா அக்கா?" என்று சலீம் சிரித்தான்.

"பயந்தா இந்தக் காரே வாங்கியிருக்க மாட்டேன். கழட்டிக் கழட்டி ஒளிச்சு வைக்கிற பொருளை எங்கிட்ட விக்காத தம்பி. நான் எதையும் ஒளிச்சு ஓட்டுறதில்ல."

சரி, புத்தி வந்துவிட்டது என்று நினைத்து, "அப்ப பழைய மாதிரியே ஒண்ணைப் போட்டுட்டு வாங்களேன், வீட்டுக்குப் போலாம்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பிய வேகம் இருக்கிறதே! "ஒழுங்கா இருக்கிறவ சப்பையாத்தான் இருக்கணும்னு யாரு சொன்னது?"

இரண்டாவதைத்தான் எடுத்தார். எடுப்பதற்கு முன் வெல்டிங்கை விரலால் தடவிப் பார்த்தார். சென்சார் மாட்டும் துளை சரியான இடத்தில் இருக்கிறதா, டர்போவோடு சேரும் வாய் பொருந்துகிறதா என்று சலீமை உயிரெடுத்தார். மாட்டி முடித்துக் காரைக் கிளப்பியதும் ஒரு சத்தம் வந்தது. கத்தல் இல்லை, அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். அக்கா கண்ணை மூடிக் கேட்டார். சட்டப்படி வந்த சத்தம் அது, பெரிய மனிதரே.

அன்றே தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கினோம். நிறுத்துமிடத்தில் ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மகனோட காராம்மா?" என்றார். இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! அக்கா சலித்துக்கொண்டதே இல்லை. சாவியை உயர்த்திக் காட்டி, ஒவ்வொரு முறையும் அதே குரலில், "என்னோடதுதான்" என்பார்.

அக்காவை எடுக்கும் நேரம் வந்தது. மண்டாய் தகனச் சாலைக்குப் போக பஸ் வந்து நின்றது. அக்காவின் அம்மா, "அவ கார் பின்னாடி வரட்டும்" என்றார்.

"வேணாம்மா," என்றார் அண்ணன். "ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுறாங்க. இன்னிக்காவது சத்தமில்லாம போகட்டும்."

அம்மா அவரோடு வாதாடவில்லை. இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீதானே பக்கத்துலயே உக்காந்திருந்த. ஓட்டிட்டு வா."

நான் அண்ணனிடம் சொன்னேன்: "அதுக்கு ஒப்புதல் தாள் இருக்கு அண்ணே. டேஷ்போர்டுலயே வச்சிருக்காங்க. பேசுறவங்களைப் படிச்சுப் பாக்கச் சொல்லுங்க." காரைக் கீழே இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தியதும் அண்ணனே வந்து முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாவியைத் திருப்பினேன். கீழ்த்தளத்தில் பேச்சு நின்றது. அந்தப் பெரிய மனிதரும் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் ஒரு மிதி மிதித்தேன். அப்புறம் அமரர் ஊர்திக்குப் பின்னால், தெருமுனைவரை நடந்து வந்தவர்களின் வேகத்தில், அழுதுகொண்டே ஓட்டினேன்.

சாவி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது; அம்மா திரும்ப வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதோடு, "என்னோடதுதான்" என்ற அக்காவின் அந்தக் குரலையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். முதல்முறை அது எனக்கு வந்தது மண்டாயில்தான். வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் குனிந்து, "நல்ல சவுண்டு. யாரோட கார்மா? வீட்டுக்காரரோடதா?" என்று கேட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. சாவிக்கொத்து ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற ஊர்தியைக் கை நீட்டிக் காட்டினேன்.

"அதோ, அவங்களோடதுதான்."