கோயிலைச் சுற்றி வந்த புரதம்

ஆய்வகத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலை சின்னதுதான். லாபு ஊர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு ஐஸ் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, மம்பாவ் பக்கம் இருக்கும் சோதனைக் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அதற்கு முன் பதினோரு வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். குலைகள் எவ்வளவு குலுங்கினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சாமான் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது என் மண்டையில் ஊறிப்போயிருந்தது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். கேட்டது டாக்டரிடம். அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். கெமாஸ் ஊர்க்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"டாக்டர், தண்ணி மாதிரிதான் தெரியுது. இதுக்கா இத்தன ஐஸு?"

"தண்ணிதான் அண்ணே. அதுக்குள்ள ஒரு புரதம் கரைஞ்சிருக்கு."

"முட்டையில இருக்குன்னு சொல்வாங்களே, அதா?"

"முட்டை வெள்ளையிலயும் இருக்கு. உங்க ரத்தத்துலயும் இருக்கு. இது நாங்க மாத்தி செஞ்சது."

மேசை இழுப்பறையிலிருந்து நூலில் கோத்த பிளாஸ்டிக் மணிகளை எடுத்துக் காட்டினார். புரதம் என்பது இப்படி ஒரு மணிச்சரமாம். மொத்தம் இருபது வகை மணிகள். எந்த மணிக்குப் பக்கத்தில் எந்த மணி என்ற வரிசைதான் முக்கியம். கோத்து முடிந்ததும் சரம் மடிந்து, சுருண்டு ஓர் உருவத்துக்கு வந்துவிடுமாம். உருவத்துக்குத் தகுந்த வேலையைச் செய்யுமாம்.

"யாரு மடிக்கிறது டாக்டர்?"

"யாரும் இல்லண்ணே. அதுவே மடிஞ்சிக்கும்."

"கோக்கிறது?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமி. வரிசைய எழுதி அதுக்குள்ள விட்டா, அது கோத்துக் குடுத்திரும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம்தான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டையை மடித்து வைக்கச் சொன்னால் என் வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. இங்கே ஒரு சரம், யாரும் சொல்லாமல், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி மடிந்துகொள்கிறது.

அந்தப் புரதம் எதற்கு என்றும் சொன்னார். சர்க்கரை நோய்க்காரர்களுக்குக் காலில் வரும் ஆறாத புண்ணுக்கு. சொந்தக்காரர் யாராவது ஒருவரின் காலில் அப்படிக் கட்டுப் போட்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புண்ணை ஆற்றும் புரதம் நம் உடம்பிலேயே இருக்கிறதாம். ஆனால் அந்த மாதிரிப் புண்ணில் அது சீக்கிரம் சிதைந்துபோகிறதாம். டாக்டர் சில மணிகளை மட்டும் மாற்றி, சிதையாமல் நிற்கும் ஒன்றைச் செய்திருந்தார். ஆய்வகத்தில் அது நன்றாக நின்றது. அங்கே மம்பாவிலும் சோதித்துச் சரி என்று சொன்னால்தான் மேலே போக முடியும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. புது மோட்டார் வாங்கினாலும், சோதனை எழுதும் பிள்ளையின் பேனாவானாலும், கல்யாணக் கூறைப்புடவையானாலும், தோட்டத்து வாசலில் இருக்கும் முனியாண்டி கோயிலில் முதலில் காட்டிவிட்டுத்தான் போவோம். நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன். பெரிய காரியத்துக்குப் போகிற சாமான், அதைச் சாமிக்குக் காட்டாமல் எப்படிக் கொண்டுபோவது? வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்று நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது. ஆனால் தோட்டத்துச் செம்மண் சாலை குறுக்கு வழி. நின்று கும்பிட்டுப் போனாலும் தார்ச்சாலையில் போகும் நேரம்தான் ஆகும். அப்படித்தான் முதல் பெட்டியைக் கொண்டுபோனேன்.

இரண்டு நாள் கழித்து மம்பாவிலிருந்து பதில் வந்தது. குழாய்களில் இருந்த தண்ணீர் கலங்கிப்போயிருக்கிறது, சோதிக்க முடியாது என்று.

டாக்டர் ஐஸைச் சந்தேகப்பட்டார். பெட்டிக்குள் சூட்டை அளந்து வைக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. அதைப் பார்த்தார். சூடு ஏறவே இல்லை. திரும்ப ஒன்றரை மாதம் உழைத்து இரண்டாவது தடவை செய்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. போன தடவை அவசரமாகக் கும்பிட்டதுதான் குறை என்று நினைத்து, இந்தத் தடவை பெட்டியோடு கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினேன். கோயிலைச் சுற்றி லோரிச் சக்கரம் பதிந்த பள்ளங்கள். முதல் கியரில் ஏறி இறங்கிச் சுற்றினேன்.

இரண்டாவது பெட்டி முதல் பெட்டியைவிட மோசம். குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தனவாம்.

அன்று டாக்டர் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னும் ஒரு தடவைதான் அண்ணே. பாஸ் சொல்லிட்டாரு. அதுவும் கலங்கிச்சின்னா இந்தப் புரதத்த மூடி வச்சிட்டு வேற வேலையப் பாக்கணும்."

"மூடுறதுன்னா?"

"நாலு வருச உழைப்பு, அண்ணே. பெட்டியில போட்டு மூடுறதுதான்."

மூன்றாவது தடவைக்கு ஒரு வாரம் இருந்தது. அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் கேக் செய்தார்கள். இளைய மகள் முட்டை வெள்ளையைக் கேக் மிக்சரில் அடித்துக்கொண்டிருந்தாள். வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது, அடிக்க அடிக்க வெள்ளையாகப் பொங்கி நின்றது. அவள் கிண்ணத்தை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். விழவில்லை.

"இது திரும்பவும் பழைய மாதிரி ஆகுமாம்மா?" என்று நான் மனைவியைக் கேட்டேன்.

"எது?"

"இந்த வெள்ள. தண்ணி மாதிரி ஆகுமா?"

"முட்டைய என்னாத்துக்கு அப்படி மொறைக்கிறீங்க? கிண்ணத்தக் குடுங்க, மாவு காத்திருக்கு."

"கொஞ்சம் இரு."

அரை மணி நேரம் அதைத் தொட விடவில்லை. அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. மேலே இருந்த வெள்ளை வெள்ளையாகவே நின்றது. முட்டையிலும் புரதம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சூடு இல்லை, நெருப்பு இல்லை, அடித்ததுதான். எனக்குச் செம்மண் சாலையும் பள்ளமும் மூன்று சுற்றும் கண்ணுக்கு முன் வந்தன.

"அப்பாவால கேக்கு கல்லாப் போச்சி" என்றாள் மகள். அன்றைய கேக் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் யோசித்தேன். சொன்னால் வேலை போகலாம். சொல்லாமல், அடுத்த பெட்டியைத் தார்ச்சாலையில் கொண்டுபோய்விட்டால் யாருக்கும் தெரியாது. அந்த யோசனையும் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் தார்ச்சாலையிலும் மேடுபள்ளம் உண்டு. நான் பேசாமல் இருந்து, மூன்றாவதும் கலங்கிவிட்டால் டாக்டர் என்ன செய்வார்? எதனால் என்று தெரியாமலேயே நாலு வருடத்தை மூடி வைப்பார். மனைவியிடம் சொன்னேன். "போய்ச் சொல்லிருங்க. திட்டுனா வாங்கிக்கலாம்லா" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், சாலை, முட்டை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். பிறகு பேனாவைத் திரும்ப எடுத்தார்.

"எத்தன சுத்து?"

"மூணு."

"மொத தடவ?"

"சுத்தல டாக்டர். நின்னு கும்பிட்டேன், அவ்வளவுதான்."

"அதான். அதான் ரெண்டாவது இன்னும் மோசம்." எழுதிக்கொண்டே போனார். "ஏன் அண்ணே, ரெண்டு தடவையும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நல்லதுக்குத்தான் செய்யிறேன்னு நெனச்சேன்."

"நல்லதுக்குத்தான். தெரியாம போயிருந்தா இத நான் தேடிக்கிட்டே இருந்திருப்பேன்." முகத்தில் கோபம் இருந்தது, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தைவிட ஆவல் அதிகமாக இருந்தது. "அந்த ரோட்டுல என்னையக் கூட்டிப் போங்க."

மிச்சம் வைத்திருந்த பழைய புரதத்தில் ஆறு குழாய்கள் தயார் செய்தார். முன்பு அனுப்பியது போலவே மூன்றில் பாதி அளவு. மூன்றில் மூடி தொடும் அளவு, உள்ளே ஒரு சொட்டுக் காற்று இல்லாமல். இந்த ஊற்றும் கணக்கு எனக்குப் புரியவில்லை. குலுங்கும்போது தண்ணீரும் காற்றும் அடித்துக்கொள்ளும் இடத்தில்தான் சரத்தின் மடிப்பு பிரியும் என்றார். பிரிந்த சரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெள்ளையாகிவிடுமாம். காற்றே இல்லை என்றால் அடித்துக்கொள்ள இடம் ஏது?

பாதி ஒன்று, நிறை ஒன்று என்று ஒரு ஜோடி ஆய்வகத்தின் குளிர்பெட்டியிலேயே இருந்தது. ஒரு ஜோடி தார்ச்சாலையில் போய் வந்தது. ஒரு ஜோடி செம்மண் சாலையில் போனது. டாக்டர் தன் காரில் என் மோட்டாருக்குப் பின்னால் வந்தார். கோயிலில் இறங்கி நின்று, நான் பெட்டியோடு மூன்று சுற்றுச் சுற்றுவதைக் கைப்பேசியில் படம் பிடித்தார். பூசாரி வந்து, "என்னாப்பா வேண்டுதல்?" என்று கேட்டார். "ஆராய்ச்சிங்க" என்றேன். அவர் எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டிக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

திரும்பி வந்து ஒவ்வொரு குழாயையும் கறுப்பு அட்டைக்கு முன்னால் பிடித்து, விளக்கடியில் பார்த்தோம். குளிர்பெட்டியில் இருந்தவை தெளிவு. தார்ச்சாலையில் போன பாதிக் குழாயில் லேசான மங்கல். செம்மண்ணில் போன பாதிக் குழாய் அரிசி கழுவிய தண்ணீர். அதே செம்மண்ணில், அதே பெட்டியில் போன நிறை குழாய் தெளிவு.

டாக்டர் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது பெட்டியை, குழாய்களை நிறைத்து, தார்ச்சாலையில் கொண்டுபோனேன். கிளம்பும்போது டாக்டர், "சாமிகிட்ட நீங்க மட்டும் போங்க, பொட்டி வேணாம்" என்றார். அப்படியே செய்தேன். திரும்பி வரும்போது காலிப் பெட்டியோடு நின்று கும்பிட்டேன். மம்பாவில் கலங்கவில்லை. சோதித்தார்கள், சரி என்றார்கள். பாஸ் இன்னும் இரண்டு வருடம் கொடுத்தார்.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். டாக்டருக்கு முடியவில்லை.

"இது மருந்தா வந்தா யாரு அண்ணே கொண்டுபோவா? எல்லா கிளினிக்கும் தார் ரோட்டுலயா இருக்கு? நாளைக்கு ஒரு தாதி பாதிய எடுத்துட்டு மீதிய வைப்பா. உள்ள காத்து போகும். அதத் தூக்கி மோட்டார்ல வச்சிட்டுப் போவாங்க."

சரங்கள் ஒட்டிக்கொள்ளும் இடம் எது என்று தேடினார். கணினியில் அந்த உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் மாதிரி வழுக்கும் மணிகள் இரண்டு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தனவாம். அவற்றை எடுத்துவிட்டுத் தண்ணீரோடு ஒத்துப்போகும் மணிகளைக் கோக்க வைத்தார். சில வரிசைகள் மடியவே இல்லை. சில மடிந்தன, ஆனால் புண்ணை ஆற்றும் வேலையை மறந்துவிட்டன. ஏழாவதோ எட்டாவதோ தேறியது.

குலுக்கும் இயந்திரம் ஒன்று ஆய்வகத்தில் இப்போது இருக்கிறது. அதில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பாதிக் குழாயை என்னிடம் கொடுத்தார்.

"மெஷின்ல பாத்தாச்சி. இனி உங்க ரோட்டுல பாக்கணும்."

செம்மண் சாலையில் போனேன். மழை பெய்து பள்ளங்கள் இன்னும் ஆழமாகியிருந்தன. மூன்று சுற்றுச் சுற்றினேன், ஒரு பள்ளத்தையும் விடவில்லை. திரும்பி வந்ததும் டாக்டர் குழாயை என் கையிலேயே கொடுத்து, கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டார். விளக்கடியில் தூக்கிப் பார்த்தேன். குழாய்க்கு அந்தப் பக்கம் இருந்த என் விரல் ரேகை தெரிந்தது.

இன்னும் அது மருந்தாகவில்லை. பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறதாம். டாக்டர் தன் குறிப்புப் புத்தகத்தை எப்போதும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். அன்று எழுதிய பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆங்கில வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு வரி தமிழில் இருந்தது: கோயில், மூணு சுத்து, தெளிவு.