ரெண்டு சார் கேட்ட வழி

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் ‘ரெண்டு சார்’. கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பு. எதைக் கேட்டாலும் இரண்டாகக் கேட்பார். கல்யாணத்தை மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாரே என்று கீழே மருந்துக் கவுண்டரில் வேலை பார்க்கும் அவர் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

அறையில் இரண்டு சர்வர்கள். ஒன்று மருந்துக் கவுண்டருக்கு டோக்கன் நம்பர் கொடுத்து உழைக்கும்; மற்றது கையைக் கட்டிக்கொண்டு அதன் துடிப்பைக் கேட்டபடி நிற்கும். துடிப்பு கேட்காவிட்டால் ஆள் போய்விட்டது என்று முடிவுகட்டி, அந்த நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்துவிடும். அதனால்தான் துடிப்புக்கு இரண்டு வயர். ஒன்று சுவரோரம் ஒரு சின்னப் பெட்டி வழியாக. மற்றது சர்வருக்குச் சர்வர் நேராக.

ஒரு வாரம் லீவு போட்டுத் திரும்பினால், மேனேஜர் அறையைச் சிங்காரித்து வைத்திருந்தார். இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டி, அந்த ஒரே பெட்டியில் செருகியாயிற்று. போட்டோ மேலிடத்துக்குப் போய்ப் பாராட்டும் வந்தாயிற்று.

“ரெண்டு வயர் கேட்டீங்க, ரெண்டும் இருக்கே?”

“நான் கேட்டது ரெண்டு வழி சார். இந்தப் பெட்டி படுத்தா ரெண்டும் சேந்து படுத்துடும்.”

அது ஏன் படுக்கப்போகிறது என்றார் மேனேஜர். ரெண்டு சார் திரும்பத் திரும்ப விளக்கினார்; மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். சுவரிடம் சொல்லியிருந்தால், அது தலையாட்டிவிட்டு மறக்காமலாவது இருந்திருக்கும்.

மறுநாள் காலை, அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போகும் பிளக் பலகையிலேயே மேனேஜர் கெட்டிலைச் செருகினார். பலகை புகைந்தது, பெட்டி அணைந்தது. சர்வர்கள் இரண்டும் கல்லுக்குண்டாட்டம் இருந்தன. துடிப்புதான் கேட்கவில்லை. சும்மா நின்ற சர்வரும் நாற்காலியில் ஏற, இரண்டும் தனித்தனியே டோக்கன் கொடுக்க ஆரம்பித்தன.

மனைவி போனில் வந்தாள். “ஒரே நம்பரோட ரெண்டு பேரு நிக்கிறாங்க. சர்க்கரைக்காரர் மாத்திரை இன்னொரு அம்மா கைக்குப் போகப் பாத்துச்சு. பேர் கேட்டதால பொழச்சோம். மேல என்னங்க பண்றீங்க?”

“நான் சொல்ற வரைக்கும் யாருக்கும் ஒன்னும் குடுக்காத.”

ஒரு சர்வரை அணைத்தார். அது தன்னிஷ்டத்துக்கு எழுதி வைத்ததையெல்லாம் பொறுக்கி மற்றதில் சேர்ப்பதற்குள் மதியமாகிவிட்டது. கீழே வரிசை திட்டியதெல்லாம் மனைவியின் தலையில் விழுந்தது. பிறகு கத்தரிக்கோலை எடுத்து வயர்களின் கட்டை அறுத்து, இரண்டாவது வயரைப் பழையபடி நேராக இழுத்துச் செருகினார். யாரையும் கேட்கவில்லை.

மேனேஜர் வாசலில் நின்று, தப்பு தன்னுடையதுதான் என்றார். கொஞ்சம் பொறுத்து, “இதையும் அதோட சேத்துக் கட்டிட்டா பாக்க லட்சணமா இருக்கும்ல?” என்றார்.

ரெண்டு சார் மேசையில் மீந்து கிடந்த வயர் கட்டும் பட்டைகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

“இதெல்லாம் வீட்டுக்கு எதுக்கு?” என்றாள் மனைவி.

“இங்க வச்சா கட்டிடுவாரு.”