சேலையில் உயரம் பாய்தல்

காலையில் முதல் வேலையாகச் சேலை கட்டி, முந்தானைக்கு ஊசி குத்தினேன். நான் உடற்கல்வி ஆசிரியை. ஆனாலும் எங்கள் பள்ளியில் ஆசிரியை என்றால் சேலைதான்.

வெள்ளிக்கிழமை வலயப் போட்டி. உயரம் பாய்தலுக்குத் தெரிவான பத்தாம் தர நிரோஷா தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் மைதானத்தில் இன்றும் கம்பைத் தட்டிவிட்டாள். காலை எப்படித் தூக்குவது என்று மறுபடியும் கையால் காட்டினேன்.

"போர்டுல வரைஞ்சா எல்லாம் வெளங்குது டீச்சர். கம்புகிட்ட வந்தாதான் ஒண்ணும் வெளங்கல. ஒரு தடவை நீங்க பாஞ்சு காட்டுங்களேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "டீச்சர் சேலையோட பாஞ்சா நேரா தேயிலைக்குள்ளதான்டி!" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். நிரோஷா மட்டும் சிரிக்கவில்லை.

நாளை டிராக் சூட்டில் போகப்போகிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. எங்கள் பள்ளி அதிபரோடு ஃபேஸ்புக்கில் நட்பாக இருப்பவர்கள் இதைப் படிக்காதது போல இருங்கள்.