இருபது மெகாபைட்டில் முந்நூறு ஜாதகம்

அகிலாண்டேஸ்வரியின் ஜாதகம் 1972-லிருந்து 1979 வரை இருபத்தாறு வீடுகளுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது. ஏழாமிடத்தில் செவ்வாய். செங்கோட்டைக்காரர்கள் மரியாதையாகத் தபாலில் திருப்பி அனுப்பினார்கள். ஆய்க்குடிக்காரர்கள் தரகர் கையில் கொடுத்துவிட்டார்கள். கடைசியாக அம்பாசமுத்திரத்து வீடு ஒன்றிலிருந்து வந்தபோது, மஞ்சள் தடவிய மூலைக்குப் பக்கத்தில் யாரோ காப்பி டம்ளரை வைத்து எடுத்த வட்டம் அப்படியே இருந்தது. பார்த்ததும் அவள், "இனிமே இது வீட்டை விட்டு வெளிய போகக் கூடாதுப்பா" என்று சொல்லி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். அப்பாவும் அதற்கு மேல் அதிக நாள் இருக்கவில்லை.

மேலகரத்தில் அம்மாவும் அவளும்தான். டைப்ரைட்டிங்கில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் ஹையர் பாஸ் செய்திருந்தாள். தென்காசியில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தாள். அங்கே படித்தவர்களில் பாதிப் பேர் இன்று தாலுகா ஆபீஸிலும் கோர்ட்டிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர்கூட அவளை டீச்சர் என்று தவிர வேறு மாதிரிக் கூப்பிட்டதில்லை. இன்ஸ்டிடியூட் மூடியதும் குற்றாலத்தில் சங்கரபாண்டி அண்ணாச்சியின் லாட்ஜில் வேலை கிடைத்தது. 1987-ல் அவர் மெட்ராஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து இறக்கினார். மதுரைக்குப் போய் ஒரு வாரம் படித்துவிட்டு வந்து, அகிலாண்டேஸ்வரி அதன்முன் உட்கார்ந்தாள். ரூம் கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் அடிப்பதும், யாருக்கு எந்தத் தேதியில் எந்த ரூம் என்று ஏற்றுவதும் அவள் வேலை. அண்ணாச்சியும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார், நீங்க வாங்க என்றுதான் பேசினார்.

அந்தப் பெட்டிக்குக் கொள்ளளவு இருபது மெகாபைட். அன்றைக்கு அது கடல். அந்தக் கடலை ஒரே வருஷத்தில் சாக்கடை ஆக்கிய பெருமை மேனேஜர் இசக்கிப்பாண்டியைச் சேரும். சீசனுக்கு வருகிற மெட்ராஸ்காரன் எவன் கையில் பிளாப்பியைப் பார்த்தாலும் விடமாட்டான். "நமக்கும் ஒண்ணு ஏத்திவிடுங்க சார்" என்று பல்லைக் காட்டுவான். கார் ஓட்டுகிற ஆட்டம் வந்தது. குரங்கு மரம் ஏறுகிற ஆட்டம் வந்தது. சீட்டாட்டம் ஒன்று வந்தது. அதில் ஜெயிக்க ஜெயிக்கத் திரையில் நிற்கிற பெண்ணின் துணி குறைந்துகொண்டே வரும். கேரளா லாட்டரிக்கு நம்பர் சொல்கிற புரோகிராம் ஒன்று வந்தது. செங்கோட்டைக்குப் போய் அந்த நம்பர் சீட்டைத் தேடி வாங்கியவர்கள் உண்டு, பரிசு விழுந்தவர்கள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஜாதகப் பொருத்தம் பார்க்கிற புரோகிராம் வந்தது.

மத்தியானம் அவள் சாப்பிடப் போகிற முக்கால் மணி நேரம் இசக்கிப்பாண்டியுடையதும் அவன் கூட்டாளிகளுடையதும். அருவியில் குளிக்க உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்குகிற ஆட்கள், போகிற வழியில் ஆபீஸ் ரூமுக்குள் நுழைந்து அவள் நாற்காலியில் அந்த உடம்போடு உட்காருவார்கள். திரும்பி வந்தால் கீபோர்டின் சாவிகள் விரலில் வழுக்கும். நாற்காலியில் ஈரத் தடம் இருக்கும். தினமும் பழந்துணியால் துடைத்துவிட்டு, நாற்காலியில் பழைய தினசரியை விரித்துத்தான் உட்காருவாள். ஒரு பெண்பிள்ளை உட்காருகிற இடமாயிற்றே என்ற கூச்சம் ஒருத்தனுக்காவது இருந்ததா என்றால், இல்லை.

1988 ஆனி மாசம் டிஸ்க் நிறைந்துவிட்டது. அவள் ஏற்றுவது எதையும் பெட்டி வாங்கிக்கொள்ள மறுத்தது. வாங்கிக்கொண்ட மாதிரி காட்டிவிட்டுச் சிலவற்றை விழுங்கவும் செய்தது. சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை, விருதுநகரிலிருந்து பதினோரு பேர் கையில் அவள் அடித்த கடிதத்தோடு வந்து நின்றார்கள். பெட்டியில் அவர்கள் பெயர் இல்லை. ரூமில் வேறு ஆட்கள் இருந்தார்கள். வந்தவர்கள் அண்ணாச்சியை வாசலிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்கள்.

"டீச்சர், ஆடி அமாவாசைக்குக் கூட்டம் அம்மும். அதுக்குள்ள இத நேராக்குங்க. இல்லைன்னா பழையபடி நோட்டுக்கே போயிருவோம். பொறவு நீங்களும் வேற எடம் பாத்துக்கிட வேண்டியதுதான்" என்றார் அண்ணாச்சி. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். வேறு இடம் என்று ஒன்று குற்றாலத்திலும் கிடையாது, தென்காசியிலும் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவின் ஆஸ்துமா மருந்துக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வழியில்லை.

வேண்டாததை எல்லாம் அழிப்பதென்று முடிவு செய்தாள். திங்கட்கிழமை காலையில் கார் போனது, குரங்கு போனது. சீட்டாட்டத்தை அழித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து லாட்டரியை அழித்தாள். இதற்கெல்லாம் இசக்கிப்பாண்டி முனகினானே தவிர மறிக்கவில்லை. ஜாதகப் புரோகிராமுக்கு வந்ததும் ஓடி வந்தான்.

"டீச்சர், அதுல மட்டும் கை வச்சிராதீய. முந்நூறு பேரு ஜாதகம் இருக்கு. உயிரோட இருக்கவங்க ஜாதகத்த அழிச்சா, அது அவங்களுக்கே ஆகாது. பாவம் ஒங்களத்தான் சேரும்."

"பாதி எடத்த அதுதான் அடைச்சிருக்கு. அத வச்சிக்கிட்டு நான் எங்க புக்கிங் ஏத்த?"

"நீங்க அத தொறக்காதீய, அவ்வளவுதான் சொல்லுதேன்."

அழிக்காதே என்றதில் அவளுக்கும் ஒரு நிமிஷம் கை தயங்கியது உண்மைதான். இருபத்தாறு வீடு ஏறி இறங்கியும் தன் ஜாதகத்தைக் கிழித்துப்போட மனம் வராமல் பூட்டி வைத்தவள்தானே. ஆனால் திறக்காதே என்று ஏன் சொல்கிறான்? அவன் டவுனுக்குப் போகும்வரை பொறுத்திருந்து, உள்ளே இருந்த பெயர்களை வரிசையாகத் திரையில் வரவழைத்தாள்.

அவள் பெயர் இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு முப்பத்தெட்டு வரைக்கும் இருந்தது.

ஒன்றைத் திறந்தாள். பெண்: அகிலாண்டேஸ்வரி, சித்திரை நட்சத்திரம். ஆண்: வாட்ச்மேன் சுடலையாண்டி. அடுத்ததில் சமையல்காரர். அடுத்ததில் மோட்டார் ரிப்பேருக்கு வந்தவர். பிறகு பத்தாம் நம்பர் ரூமில் போன சீசனுக்குத் தங்கியிருந்த எழுபது வயசு ரிட்டையர்டு கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார். முப்பத்தெட்டு ஆண்கள். ஒவ்வொருவரோடும் அவளைச் சேர்த்து வைத்துப் பத்துப் பொருத்தமும் பார்த்திருந்தார்கள். அந்தப் பத்தில் எதைச் சத்தமாகப் படித்து, எதற்குத் தொடையைத் தட்டிச் சிரித்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் சட்டென்று அடங்கிப்போகும் சிரிப்பு எதைப் பற்றியது என்று இப்போது விளங்கிவிட்டது.

நட்சத்திரம் எப்படித் தெரிந்தது என்பதும் விளங்கியது. ஐப்பசி விசுவுக்குக் குற்றாலநாதர் கோயிலில் லாட்ஜ் ஆட்கள் எல்லார் பேரிலும் அர்ச்சனை என்று, இசக்கிப்பாண்டிதான் ஆளாளுக்குப் பேர், ராசி, நட்சத்திரம் கேட்டு எழுதிக்கொண்டு போனான். சாமிக்குச் சொல்ல என்று கொடுத்ததை இந்தக் கேலிக்குப் பயன்படுத்தியிருக்கிறான். எழுந்து போய்க் காறித் துப்பிவிட்டு வந்தாள்.

முப்பத்தெட்டாவதில் இருந்த ஆண் பெயர் சங்கரபாண்டி. முதலாளியையும் இந்த நாய்கள் விட்டுவைக்கவில்லை.

அதை மட்டும் ஒரு தாளில் அச்சடித்து எடுத்தாள். அவளுக்காக இல்லை என்றாலும் தன் பெயருக்காகவாவது அண்ணாச்சிக்குக் கோபம் வரும், இசக்கிப்பாண்டியை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார் என்று நம்பினாள். தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, முந்நூற்றையும் புரோகிராமோடு சேர்த்து அழித்தாள். பாவம் சேருகிறதென்றால் சேரட்டும் என்று வாய்விட்டே சொன்னாள். பெட்டி சொன்ன பேச்சைக் கேட்டது. நிலுவையில் இருந்த புக்கிங் அத்தனையும் சாயங்காலத்துக்குள் ஏற்றி, ஒன்றுவிடாமல் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

மறுநாள் காலையில் இசக்கிப்பாண்டி அண்ணாச்சியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். "முந்நூறு பேரு ஜாதகத்த அழிச்சிட்டாக அண்ணாச்சி! பெரிய பெரிய ஆளுக ஜாதகம். நம்ம லாட்ஜுக்கே ஆகாது. இவுகளை இனிமே இங்கன வச்சிருக்கப்படாது."

அகிலாண்டேஸ்வரி கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். அண்ணாச்சி வாங்கிப் படித்தார். இசக்கிப்பாண்டியின் முகம் வெளிறியது.

"நீ வெளிய போலே" என்றார் அண்ணாச்சி.

அவன் போனான். அவளுக்கு நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. சொல்ல வேண்டியதை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டாள். அண்ணாச்சி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் நிதானமாகப் படித்தார்.

"ஏழு இருக்கே."

"என்னது அண்ணாச்சி?"

"பத்துக்கு ஏழு. எனக்கும் எங்க வீட்டம்மாவுக்கும் அஞ்சுதான்." தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவளைக் கீழிருந்து மேலாக ஒரு பார்வை பார்த்தார். "என்னத்துக்கு நிக்க? உக்காரு அகிலாண்டம்."

வீட்டில் அம்மா மட்டுமே கூப்பிடுகிற பெயர் அது. அவர் வாயிலிருந்து வந்தபோது, தன் உடம்பிலேயே எண்ணெய்க் கையை வைத்துவிட்டாற்போல் அவளுக்குக் கூசியது.

"அந்தப் பேப்பரைக் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

அவர் சிரித்தார். சட்டைப் பையின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திக்கொண்டார்.

கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். இசக்கிப்பாண்டி வாசலில் நின்று ஏதோ கேட்டான். அவள் காதில் வாங்கவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், பஸ்ஸை விட்டுவிட்டு மேலகரம்வரை நடந்தே போனாள். அந்த லாட்ஜ் பக்கம் பிறகு அவள் போகவே இல்லை. அந்தப் பெட்டியில் ஒரு தடம் இல்லாமல் அவளால் முந்நூற்றையும் அழிக்க முடிந்தது; மிச்சமிருந்த ஒன்றை அவளே அச்சடித்து அந்த ஆள் கையில் கொடுத்திருந்தாள்.