சாவியோடு அடங்கும் பெட்டி

எங்கள் லாரி ஆபீசில் விஜயகுமாரியைப் போலப் பயந்த பிறவி கிடையாது. போன் மணி அடித்தாலே, சாலையில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயுங்க" என்று நான் கேலி செய்வேன். என் புத்தி அப்படி.

2007 ஆடியில் முதலாளி தண்டாயுதபாணி அவள் மேசைமேல் மூன்று ஜிபிஎஸ் பெட்டிகளை வைத்தார். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பனியன் ஏற்றிப் போகும் எங்கள் லாரிகள் எங்கே இருக்கின்றன என்று கம்ப்யூட்டரில் காட்டுகிறவை.

"தெனமும் அதைப் பாக்கப் போறது நீதான் அம்மணி. எது வேணுமோ நீயே சொல்லு."

ஒரு பெட்டி மழையில் ஊமையானது; தள்ளிவிட்டாள். இன்னொன்றுக்கு உள்ளேயே தனி பேட்டரி. வண்டி நின்றாலும், வயர் அறுந்தாலும் தகவல் வரும். மூன்றாவது வண்டியின் கரண்டை நம்பியது. சாவியை அணைத்தால் அதுவும் அடங்கிவிடும்.

டிரைவர் காசிமாயன் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், எங்களிடம் பத்தொன்பது வருஷம்.

"தாயி, மதியம் ஒரு மணி நேரம் கண்ணசரலைன்னா எனக்கு ரோடே தெரியாது. நிக்கிறது தெரிஞ்சா மொதலாளி போன் போட்டு எழுப்பிருவாரு."

தூக்கம் கலைந்த மனுஷன் எங்கே போய் மோதுவாரோ என்று அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் மூன்றாவது பெட்டியைக் காட்டி, "இதுதானுங்க நல்லாருக்குது" என்றாள். முதலாளி காரணம் கேட்கவில்லை. காரணம் தெரிந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள், பகல் பன்னிரண்டு பத்துக்கு, சாத்தூர் தாண்டிக் காசிமாயனின் வண்டி திரையிலிருந்து மறைந்தது. தூங்குகிறார் என்று நிம்மதியாக இருந்தாள். ஒன்றரைக்கும் வரவில்லை. அவர் செல்போனுக்கு அடித்தாள். எழுப்பிவிடுவோமோ என்று மூன்றாவது மணியிலேயே வைத்துவிட்டாள். அப்புறம் அடித்தபோது முழுக்க மணி போயும் யாரும் எடுக்கவில்லை.

மூன்று மணிக்கு முதலாளி எட்டிப் பார்த்தார். "காசிமாயன் எங்க அம்மணி?"

"சிக்னல் இல்லீங்க."

அவர் போனதும், "சொல்லிப்போடுங்க" என்றேன். "நெசமா தூங்கிட்டிருந்தா அவருக்கு வேல போயிருமேங்க" என்றாள்.

நாலே காலுக்கு முதலாளி அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அவர் எங்கள் கோவில்பட்டி ஏஜெண்டை அந்த இடத்துக்கு ஓடச் சொன்னார். டயர் வெடித்து, பேட்டரி வயர் அறுந்து, பாலத்துக்குக் கீழே ஓடைக்குள் வண்டி தலைகுப்புறக் கிடந்தது. காசிமாயனின் வலது கால் ஸ்டியரிங்குக்கு அடியில் நசுங்கியிருந்தது. ரெண்டு மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் மதுரையில் டாக்டர்.

மறுவாரம் அவளோடு ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். காசிமாயன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் தூங்குறேன்னு நெனச்சு, கடைசி மட்டும் காட்டிக்கொடுக்காம இருந்தியாம்ல. நீ நல்லா இருக்கணும் தாயி."

போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.